பருத்தி எடுக்கும் இயந்திரத்தின் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருத்தி எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், "அமெரிக்காவில் மெஷின்தானே எடுக்கிறது, நமக்கு ஏன் வரவில்லை?" என்று யாராவது கேட்பார்கள். அமெரிக்காவுக்கே அது எளிதில் வந்துவிடவில்லை. முதல் காப்புரிமைக்கும் முதல் விற்பனைக்கும் நடுவே ஏறக்குறைய நூறு ஆண்டு ஓடியிருக்கிறது. அந்த நூறு ஆண்டைப் பற்றித்தான் இங்கே பெரும்பாலும் பேச்சு. நம் ஊர்க் கதை கடைசியில் வரும்.

இது ஜின்னிங் மெஷினா?

இல்லை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஈலை விட்னி 1793இல் செய்தது கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் ஜின். செடியிலிருந்து பருத்தியை எடுக்கும் வேலை அதற்கப்புறமும் ஒன்றரை நூற்றாண்டு கையால்தான் நடந்தது. போதாததற்கு, ஜின் வேகமாக அரைக்கத் தொடங்கியதும் எடுப்புக்கு இன்னும் நிறைய ஆள் தேவைப்பட்டது. அமெரிக்கத் தென்பகுதியில் அடிமை முறை அதற்குப் பிறகு சுருங்கவில்லை, பெருகியது.

கோதுமை அறுக்க 1830களிலேயே இயந்திரம் வந்துவிட்டதே, பருத்திக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்?

முதல் காரணம் செடி. கோதுமை வயல் ஒரே சமயத்தில் முற்றும்; அடியோடு அறுத்துவிடலாம். பருத்தி அப்படியல்ல. அடிக்கிளையில் காய் வெடித்து வெள்ளையாகத் தொங்கும்போது நடுக்கிளையில் பச்சைக் காய் இருக்கும், உச்சியில் பூ இருக்கும். கையால் எடுப்பவர்கள் ஒரே வயலில் மூன்று, நான்கு முறை திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள். வெடித்ததை மட்டும் எடு, பச்சையைத் தொடாதே, இலையைக் கலக்காதே, செடியை முறிக்காதே என்று இத்தனை நிபந்தனைகளையும் ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மனிதக் கை இதையெல்லாம் யோசிக்காமலே செய்கிறது. காய்ந்த காயோட்டின் கூர்முனை விரலைக் கிழிக்கும் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது காரணத்தை நான் இன்னும் பெரியதாக நினைக்கிறேன்: ஆள் மலிவாகக் கிடைத்தது. 1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகு அமெரிக்கத் தென்பகுதியில் வார முறை, அதாவது விளைச்சலில் ஒரு பங்கை நிலக்காரருக்குக் கொடுத்துப் பயிரிடும் முறை, வேரூன்றியது. நிலம் பண்ணையாருடையது. கறுப்பினக் குடும்பங்களும் ஏழை வெள்ளையர் குடும்பங்களும் வாரத்துக்குப் பயிரிட்டன. விதை, உணவு, துணி எல்லாம் பண்ணைக் கடையில் கடனாகக் கிடைக்கும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காது. குழந்தை குட்டிகளோடு மொத்தக் குடும்பமும் பருத்தி எடுக்க இறங்கும்போது, லட்சக்கணக்கில் செலவழித்து இயந்திரம் செய்ய யாருக்கு அவசரம்?

மூன்றாவது, களை. எடுப்புக்கு இயந்திரம் வந்தாலும் நாற்றைக் கலைப்பதும் களை கொத்துவதும் கைவேலையாகவே இருந்தன. களை கொத்த ஆளை ஆண்டு முழுக்க வைத்திருக்கும் பண்ணை, அந்த ஆட்களையே எடுப்புக்கும் இறக்கிக்கொள்ளும். பாதியை மட்டும் இயந்திரமாக்கி லாபம் பார்க்க முடியவில்லை.

முதலில் முயன்றவர் யார்?

டென்னசி மாநிலம் மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த ரெம்பர்ட், பிரெஸ்காட் இருவரும் 1850இல் வாங்கியதுதான் அமெரிக்காவில் பருத்தி எடுப்பு இயந்திரத்துக்கான முதல் காப்புரிமை. அதன்பின் நூற்றுக்கணக்கான காப்புரிமைகள் குவிந்தன. காற்றால் உறிஞ்சிப் பார்த்தார்கள், மின்னேற்றத்தால் இழுத்துப் பார்த்தார்கள், செடியையே வெட்டிக் கதிரடிப்பதுபோல் அடித்துப் பார்த்தார்கள். காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

உருப்பட்ட வழியைப் பிடித்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஆங்கஸ் கேம்ப்பெல். சுழலும் கதிரில் பஞ்சைச் சுற்றி இழுக்கும் முறையை 1880களில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் வயலில் கொண்டுபோய்ச் சோதித்தார். நூற்பாலையில் நூல் சுற்றுகிற அதே கதிர்தான், இங்கே அது செடிக்குள் நுழைகிறது. பிறகு தியோடர் பிரைஸ் என்பவரின் கம்பெனியோடு சேர்ந்தார். அந்தக் காப்புரிமைகளை 1924இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி வாங்கியது. கோதுமை அறுவடை இயந்திரத்துக்குப் பேர்போன மெக்கார்மிக் கம்பெனி 1902இல் மற்றவற்றோடு இணைந்து உருவான நிறுவனம் இது.

ஜான் ரஸ்ட் யார்? அவர் பாட்டியின் ராட்டை பற்றிய கதை உண்மையா?

இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த மனிதர் இவர்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஜான் ரஸ்ட் 1892இல் டெக்சாஸில் நெசசிட்டி என்ற சிற்றூர்ப் பக்கம் பிறந்தார். அந்த ஊர்ப் பெயருக்குப் பொருளே 'தேவை'. சிறுவனாகப் பருத்தி எடுத்தவர். பதினாறு வயதில் பெற்றோரை இழந்து, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, அஞ்சல் வழியில் இயந்திர வரைபடம் போடக் கற்றுக்கொண்டார். அவர் தம்பி மேக், பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர்.

கதிர் முறையில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பஞ்சு நன்றாகப் பற்ற வேண்டும் என்பதற்காகக் கதிரில் முள் வைத்தார்கள். முள்ளில் பஞ்சோடு இலையும் சுள்ளியும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. கதிரைச் சுத்தம் செய்வது பெரும்பாடானது. 1927இல் ஓர் இரவு ரஸ்ட் படுத்தபடி இதையே யோசித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் விடிகாலைப் பனியில் பருத்தி எடுக்கும்போது ஈரப் பஞ்சு விரலில் ஒட்டிக்கொள்ளுமே என்பது நினைவுக்கு வந்தது. பாட்டி ராட்டையில் நூற்கும்போது கதிரை ஈரமாக்கிக்கொள்வதும் நினைவுக்கு வந்தது. படுக்கையை விட்டு எழுந்து ஓர் ஆணியைத் தேடி எடுத்து, நனைத்து, பஞ்சில் வைத்துச் சுழற்றினார். பஞ்சு சுற்றிக்கொண்டது. இது அவரே சொன்ன கதை. முள்ளில்லாத வழவழப்பான கம்பி, அதில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். ஊசியில் நூல் கோக்கும்போது எச்சில் தொட்டுக்கொள்கிறோமே, ஏறக்குறைய அந்தச் சங்கதிதான்.

1928 தொடக்கத்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1936 ஆகஸ்ட் 31 அன்று மிசிசிப்பி மாநிலம் ஸ்டோன்வில் ஆராய்ச்சி நிலையத்தில் சகோதரர்கள் பொதுமக்கள் முன்னிலையில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். நாடெங்கும் பத்திரிகைகள் அதைப் பற்றியே எழுதின. பொருளாதார மந்தம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. வேலை போய்விடும் என்ற பயம் எங்கும் பரவியது. அந்த இயந்திரத்தை மிசிசிப்பி ஆற்றில் மூழ்கடிக்க வேண்டும் என்றே ஒரு ஜாக்சன் நகர நாளிதழ் எழுதியது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயம் ரஸ்டுக்கே இருந்தது. அவர் சோஷலிஸ்டு, லூசியானாவில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் வாழ்ந்தவர். தன் இயந்திரம் முழுவீச்சில் வந்தால் பருத்தி உழைப்பாளர்களில் முக்கால்வாசிப் பேர் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று அவரே சொன்னார். இயந்திரத்தை விற்காமல் வாடகைக்கு மட்டும் விடலாமா, குறைந்தபட்சக் கூலி தரும், குழந்தைகளை வேலைக்கு வைக்காத பண்ணைகளுக்கு மட்டும் தரலாமா, லாபத்தை ஓர் அறக்கட்டளை மூலம் வேலை இழந்தவர்களுக்கே திருப்பலாமா என்றெல்லாம் திட்டம் போட்டார். எந்தப் பண்ணையாரும் அந்த நிபந்தனைகளைச் சீந்தவில்லை.

அப்படியானால் சந்தையை ரஸ்ட் ஏன் பிடிக்கவில்லை?

அவர் இயந்திரம் ஒருநாள் காட்சிக்கு அருமையாக ஓடியது. பருவம் முழுக்க ஓடும் அளவுக்கு உறுதி போதவில்லை. பணமும் இல்லை. போர்க் காலத்தில் அவருடைய கம்பெனி நொடித்தது. பிறகு 1940களின் பின்பாதியில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியும், ஆர்கன்சாவில் பைன் பிளஃப் நகரின் பென் பியர்சன் கம்பெனியும் அவருடைய வடிவத்தை எடுத்து உற்பத்தி செய்தன. பணம் வந்ததும் பழைய முதலீட்டாளர்களின் கடனை ரஸ்ட் அடைத்தார். 1954இல் இறந்தார்.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரிடம் பணமும் பொறுமையும் இருந்தன, டிராக்டரும் சொந்தமாக இருந்தது. பல பத்தாண்டு சோதனைக்குப் பிறகு 1942இல், விற்பனைக்கு உகந்த இயந்திரம் தயார் என்று அறிவித்தது. போரால் இரும்புக்குத் தட்டுப்பாடு, ஆகவே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் முதலில் செய்ய முடிந்தது. அது ஃபார்மால் டிராக்டர்மேல் பொருத்திய ஒற்றை வரிசை இயந்திரம். டிராக்டரைத் திருப்பி வைத்துப் பின்பக்கமாக ஓட்டுவார்கள். பெரிய சக்கரங்கள் முன்னால் போகும், எடுப்புத் தலை வரிசையை விழுங்கிக்கொண்டே வரும், மேலே ஒரு கம்பிக்கூண்டில் பருத்தி நிறையும்.

1944இல் ஹாப்சன் பண்ணையில் என்ன நடந்தது?

மிசிசிப்பி டெல்டாவில் கிளார்க்ஸ்டேல் நகருக்குப் பக்கத்தில் இருந்தது ஹாப்சன் பண்ணை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் அங்கே ஆண்டுக்கணக்கில் சோதனை நடத்தி வந்தது. 1944 அக்டோபர் 2 அன்று சிவப்பு வண்ண இயந்திரங்கள் அந்த வயலில் இறங்கியதைப் பார்க்க ஏறக்குறைய 3,000 பேர் கூடினார்கள். கையால் ஒருவர் மணிக்கு 20 பவுண்டு எடுத்தால் இயந்திரம் ஆயிரம் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிலோ எடுத்தது. ஐம்பது ஆள் வேலை. பண்ணையார் ஹவல் ஹாப்சன் போட்ட கணக்குப்படி ஒரு பேல் (அழுத்திக் கட்டிய பொதி) பருத்தி எடுக்கக் கைவேலைக்கு 39.41 டாலர், இயந்திரத்துக்கு 5.26 டாலர். நட்டது முதல் பேல் கட்டியது வரை முழுக்க இயந்திரத்தாலேயே விளைந்த முதல் பெரிய வெள்ளாமை என்று அந்த ஆண்டு விளைச்சலைச் சொல்கிறார்கள்.

இதே ஆண்டு அந்தக் குடும்பத்தின் ரிச்சர்ட் ஹாப்சன் உள்ளூர்ப் பருத்தி விவசாயிகளின் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். டெல்டாவில் கறுப்பினத்தவர் எண்ணிக்கை அதிகம், இயந்திரத்துக்கு மாறினால் அது குறையும், ஆகவே சீக்கிரம் மாறுங்கள் என்பது அதன் சாரம். போர் முடிந்து கறுப்பின வீரர்கள் ஊர் திரும்பினால் உரிமை கேட்பார்களே என்ற கவலை அப்போது பண்ணையார்களிடம் இருந்தது. 'வேலைச் சுமையைக் குறைக்கும் கருவி' என்று விளம்பரங்களில் படிக்கும்போது எனக்கு இந்தக் கடிதம் நினைவுக்கு வந்துவிடும்.

இயந்திரத்துக்குள் என்னதான் நடக்கிறது?

நின்றபடி சுழலும் ஓர் உருளை. அதில் வரிசை வரிசையாக விரலளவு எஃகுக் கதிர்கள். உருளை சுற்றும் வேகமும் வண்டி முன்னேறும் வேகமும் ஒத்துப்போகும்; அதனால் கதிர் செடிக்குள் நேராக நுழைந்து நேராக வெளியேறும், கிளையைப் பிய்க்காது. செடிக்குள் இருக்கும்போது கதிர் தானும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுழல்கிறது. வெடித்த சுளை அதில் சுற்றிக்கொள்ளும். பச்சைக் காய் வழவழப்பாக இருப்பதால் நழுவிவிடும். வெளியே வந்ததும் ரப்பர்த் திண்டு பதித்த வட்டுகள் பஞ்சைக் கதிரிலிருந்து கழற்றிவிடும், காற்று அதைக் கூண்டுக்குத் தள்ளும், ஈரத் திண்டு ஒன்று கதிரைத் துடைத்து நனைத்து மறுபடி உள்ளே அனுப்பும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கதிர் கூம்பு வடிவில் சின்ன முள்ளோடு இருந்தது, ரஸ்டினது வழவழப்பான கம்பி. ஈரம் இரண்டுக்கும் பொது. இன்றைய கதிர்களும் முள்ளும் ஈரமும் உள்ளவைதான்.

ஸ்ட்ரிப்பர் என்பது வேறா?

வேறு. கதிர் இயந்திரம் சுளையை மட்டும் எடுக்கும். ஸ்ட்ரிப்பர் காயோட்டோடு சேர்த்து உருவிவிடும். டெக்சாஸின் வடமேற்கு மேட்டுநிலத்தில் காற்று பலமாக அடிக்கும், செடி குட்டையாக வளரும், விளைச்சலும் குறைவு. அங்கே விவசாயிகள் 1914 வாக்கிலேயே மரச் சட்டத்தில் வேலிக் குச்சிகளைச் சீப்புபோல் அடித்து, குதிரை கட்டி வயலில் இழுத்தார்கள். வந்தது பாதி குப்பை. ஆனால் ஆள் கூலி மிச்சம். காற்றில் உதிராமல் காயோட்டுக்குள்ளேயே பஞ்சைப் பிடித்து வைத்திருக்கும் ரகங்களைப் பின்னர் தேர்ந்தெடுத்தார்கள். அது ஸ்ட்ரிப்பருக்கு வசதியாகப் போனது. மேட்டுநிலத்தில் ஸ்ட்ரிப்பர் இன்றும் ஓடுகிறது.

இயந்திரம் வந்ததும் எல்லாரும் மாறிவிட்டார்களா?

இல்லை. 1950இல் அமெரிக்கப் பருத்தியில் பத்தில் ஒரு பங்குகூட இயந்திரத்தால் எடுக்கப்படவில்லை. 1960இல் ஏறக்குறைய பாதி. 1960களின் கடைசியில் 95 விழுக்காட்டைத் தாண்டியது. பாசனமும் பெரிய சமவெளிப் பண்ணைகளும் இருந்த கலிஃபோர்னியா முந்திக்கொண்டது. தென்கிழக்கின் சிறு வயல்கள் பின்தங்கின.

இந்த இருபது ஆண்டுகளில் இயந்திரத்துக்காக மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. பச்சை இலை பஞ்சில் கறை படிய வைக்கும் என்பதால் எடுப்புக்கு முன் மருந்தடித்து இலையை உதிர்க்கப் பழகினார்கள். களைக்கொல்லி வந்தபின் களை கொத்த ஆள் வைத்திருக்கும் தேவை போனது. காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடிக்கும் ரகங்களை வளர்ப்பாளர்கள் தேடினார்கள். குப்பை கலந்து வரும் பருத்தியைச் சுத்தம் செய்ய ஜின்னிங் ஆலைகள் புது இயந்திரங்கள் வாங்கின. செடிக்கேற்ற இயந்திரத்தை நூறு ஆண்டு தேடியவர்கள், கடைசியில் இயந்திரத்துக்கேற்ற செடியையும் சேர்த்துத் தேடினார்கள்.

கூலிப் பக்கமும் நெருக்கியது. மெக்சிகோத் தொழிலாளர்களைப் பருவத்துக்கு அழைத்து வந்த பிரசேரோ திட்டம் 1964இல் முடிந்தது. 1967 முதல் பெரிய பண்ணைகளின் விவசாயத் தொழிலாளர்களுக்கும் மணிக்கு ஒரு டாலர் குறைந்தபட்சக் கூலி சட்டமானது. இயந்திரம் வாங்காமல் தள்ளிப்போட்டவர்களும் அப்போது வாங்கினார்கள்.

கறுப்பின மக்களைத் தென்பகுதியிலிருந்து விரட்டியது இந்த இயந்திரமா?

அப்படி ஒரே வரியில் சொல்வது எளிது, ஆனால் கால வரிசை ஒத்துவராது. சிகாகோ, டெட்ராய்ட் பக்கம் கறுப்பின மக்கள் போகத் தொடங்கியது முதல் உலகப் போர்க் காலத்தில். அப்போது எடுப்பு இயந்திரமே கிடையாது. 1933க்குப் பிறகு, பருத்திப் பரப்பைக் குறைக்க அரசு பணம் கொடுத்தது. பண்ணையார்கள் பணத்தை வாங்கிக்கொண்டு டிராக்டர் வாங்கினார்கள், வாரக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அதை எதிர்த்துத்தான் 1934இல் ஆர்கன்சாவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர். வடக்குத் தொழிற்சாலைகள் நல்ல கூலிக்கு ஆளைக் கூப்பிட்டன. ஆட்கள் போனதால்தான் இயந்திரத்துக்குத் தேவை வந்தது என்று பொருளியல் வரலாற்று அறிஞர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். அதில் நிறைய உண்மை இருக்கிறது.

ஆனால் 1950களுக்குப் பிறகு கதை மாறுகிறது. மிசிசிப்பியின் கறுப்பின உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் ஆறு வயதில் பருத்தி எடுக்க இறங்கியவர். 1962இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார் என்பதற்காகவே, பதினெட்டு ஆண்டு உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். எடுப்புக்கு அவருடைய கை இல்லாமல் முடியாது என்ற நிலை இருந்திருந்தால் பண்ணையார் கொஞ்சம் யோசித்திருப்பார். அதற்குள் இயந்திரம் கொட்டகையில் நின்றுகொண்டிருந்த காலம் வந்துவிட்டது. கிளம்பியவர்கள் எல்லாரையும் இயந்திரம் விரட்டவில்லை. மிச்சமிருந்தவர்களின் பிடியை அது தளர்த்தியது என்று நான் சொல்வேன்.

1970க்குப் பிறகு பெரிய மாற்றம் ஏதாவது?

இரண்டு. வயலில் எடுப்பு வேகமாகிவிட்டது, ஜின்னிங் ஆலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் லாம்பர்ட் வில்க்ஸ் 1970களின் தொடக்கத்தில் வயலோரத்திலேயே பருத்தியை ரொட்டித் துண்டு வடிவில் பெரிய கட்டியாக அழுத்தி வைக்கும் கருவியைச் செய்தார். ஆலை தனக்கு வசதியான நாளில் அதை எடுத்துக்கொள்ளும். அப்புறம் 2000களின் பின்பாதியில் எடுப்பு இயந்திரமே உருண்டைக் கட்டாகச் சுருட்டி, பிளாஸ்டிக் உறை சுற்றிக் கீழே உருட்டிவிடத் தொடங்கியது. ஒரு கட்டு இரண்டு டன்னுக்கு மேல். ஆறு வரிசை ஒரே நேரத்தில், ஒரே ஓட்டுநர்.

சோவியத் நாட்டிலும் இருந்ததாமே?

இருந்தது. ரஸ்டின் இயந்திரங்கள் 1930களிலேயே அங்கே போயின. போருக்குப் பின் தாஷ்கண்டில் செங்குத்துக் கதிர் கொண்ட சொந்த வடிவத்தை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தார்கள். சோவியத் சிதறியதும் உதிரிபாகம், டீசல் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. உஸ்பெகிஸ்தான் கைவேலைக்கே திரும்பியது. மாணவர்களையும் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் கட்டாயப்படுத்தி வயலில் இறக்கியது. உலகெங்கும் துணிக் கம்பெனிகள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணித்தன. அந்தப் புறக்கணிப்பு 2022இல்தான் விலக்கப்பட்டது. இயந்திரம் வந்தால் திரும்பிப் போகாது என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்கலாம்.

கையால் எடுத்த பருத்திதான் சுத்தமானது என்கிறார்களே?

கவனமாக எடுத்தால், ஆமாம். இலைச் சருகு குறைவு, இழைக்கும் அடி படாது. ஆனால் நம் பக்கம் சாக்கு நார், தலைமுடி, பிளாஸ்டிக் நூல் எல்லாம் கலந்து நூற்பாலைக்காரரை அழவைப்பதும் கையெடுப்புப் பருத்தியில்தான்.

சரி, தமிழ்நாட்டில் ஏன் இன்னும் வரவில்லை?

அமெரிக்காவில் இருந்த தடைகளோடு நமக்கே உரிய ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். ஆறு வரிசை இயந்திரம் அந்த வயலுக்குள் திரும்பக்கூட இடம் இருக்காது, விலையோ கோடிக்கணக்கில்.

நமக்கே உரிய தடை விதை. 1970இல் சூரத்தில் சி. டி. பட்டேல் உருவாக்கிய எச்-4 தொடங்கி இந்தியா கலப்பின வீரியப் பருத்திக்கு மாறியது. 2002க்குப் பின் மரபணு மாற்றிய பி.டி. பருத்தியும் வீரிய விதையாகவே வந்தது. விதை விலை அதிகம், அதனால் இடைவெளி விட்டு நடுகிறோம். செடி புதராகப் படர்ந்து, நீண்ட நாள் நின்று, மாதக்கணக்கில் காய் வெடித்துக்கொண்டிருக்கும். நான்கு, ஐந்து எடுப்பு எடுத்தால்தான் விளைச்சல் முழுதாகக் கைக்கு வரும். இயந்திரம் கேட்பதோ நேர்மாறு: குட்டைச் செடி, நெருக்க நடவு, பக்கக்கிளை கூடாது, ஒரே வெடிப்பு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட கோ 17 ரகம் இந்தத் திசையில்தான் போகிறது. அடர் நடவுக்கும் இயந்திர எடுப்புக்கும் ஏற்ற குறுகிய கால ரகம். செடி தயாரானாலும், குப்பை கலந்த பருத்தியைச் சுத்தம் செய்யும் வசதி நம் ஜின்னிங் ஆலைகளுக்கும் வந்தாக வேண்டும்.

இடைக்காலத்தில் பேட்டரியில் ஓடும் கைக்கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. பழகிய கையின் வேகத்துக்கு அவை இன்னும் ஈடு கொடுப்பதாகத் தெரியவில்லை. எடுப்புக்கு இறங்குவோர் பெரும்பாலும் பெண்கள். காலை பத்து, பதினொரு மணிக்குள் எடுத்துவிடச் சொல்வார்கள். வெயில் ஏறினால் சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும். பனி ஈரத்தில் சருகு நொறுங்காது, ஒட்டாது. ரஸ்ட் சிறுவனாகப் பருத்தி எடுத்த அதே நேரம்.

பழைய இயந்திரங்களை எங்கே பார்க்கலாம்?

'ஓல்ட் ரெட்' என்று பெயர் வைத்த 1943ஆம் ஆண்டின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் இயந்திரம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. கிளார்க்ஸ்டேல் பக்கம் போனால் ஹாப்சன் பண்ணையையே பார்க்கலாம். வாரக் குடும்பங்கள் வாழ்ந்த பழைய மரக் குடிசைகளைச் சீர்செய்து, அங்கே இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு இரவு வாடகைக்கு விடுகிறார்கள்.